பத்துப் பேருக்கு ஒரு கொடி

ஒரு காரியத்தில் தன் கையால் வேலை செய்தவன், விருப்பமில்லாமல் செய்திருந்தாலும், அந்தக் காரியத்துக்கு எவ்வளவு பொறுப்பாளி? குலசிங்கத்தைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவர் இதைத் தன்னைப் பற்றிக் கேட்டதில்லை. எண்ணூறு வருடங்களுக்கு முன் ஓர் ஆற்றங்கரையில் கல் சுமந்த மனிதர்களைப் பற்றித்தான் கேட்டார். அதே கேள்வி தன் வீட்டுக்குள் வந்தபோது அவர் அதை அடையாளம் கண்டாரா என்பது எனக்குத் தெரியாது.

குலசிங்கம் புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பாபடோயிட்டோ என்ற புறநகரில் குடியிருந்தார். விமான நிலையத்துக்கு அருகே, விமானங்களுக்கு உணவு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் வேலை. ஓடும் பட்டையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு பன், ஒரு வெண்ணெய்க் கட்டி, கரண்டியும் முள்ளும் சுற்றிய ஒரு பொட்டலம் வைக்க வேண்டும். 1998 முதல் அங்கேதான். உடன் வேலை செய்த மலேசியத் தமிழர் தனபாலன், பிற்பாடு மேற்பார்வையாளரானவர், ஒவ்வொரு ஷிஃப்டையும் ஒரே கேள்வியோடு தொடங்குவார்.

"என்னா சிங்கம், இன்னிக்கு எந்த ஊர எரிச்சீங்க?"

"இன்னும் எரிக்கேல்லை. அகழி நிரப்புறாங்கள்."

"சீக்கிரம் நிரப்பச் சொல்லுங்க லா. ஆறு மணிக்கு ஃப்ளைட் இருக்கு."

யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர் குலசிங்கம். மத்தியகால இஸ்லாமிய உலகம் பற்றிய பாடத்தில் பன்னிரண்டு விரிவுரைகள் இருந்தன. பன்னிரண்டாவது, மங்கோலியர் படையெடுப்பும் ஆட்சியும். அந்த வாரம் ஊரடங்கு. விரிவுரை நடக்கவில்லை, பரீட்சையிலும் அது வரவில்லை. கூடப் படித்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். தான் மட்டும் அந்தப் பன்னிரண்டாவது விரிவுரையைத் தேடிக்கொண்டே இருந்ததாக அவர் சொல்வார். இதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. மனிதர்கள் தங்கள் ஆர்வத்துக்குப் பிற்பாடு கண்டுபிடிக்கும் காரணங்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் அமைந்துவிடுகின்றன. ஆனால் தேடினார் என்பது உண்மை. பாரசீகக் குறிப்புகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை நூலகத்தின் மூலம் வேறு நகரங்களிலிருந்து வரவழைத்துப் படித்தார். நூலகப் பெண்கள் அவரை மங்கோலியர் என்றே நினைத்திருக்கக்கூடும்.

அவர் படித்ததில் அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு சிறிய பகுதி. 1220ஆம் ஆண்டு. செங்கிஸ்கானின் படை குவாரசம் நாட்டுக்குள் வந்து புகாராவைப் பிடித்தது. பிடித்த ஊரின் மக்களை வெளியே வயலில் நிறுத்தி, தச்சர், நெசவாளர் போன்ற கைவினைஞர்களை ஒரு பக்கம் பிரித்தார்கள். உடலில் வலுவுள்ள இளைஞர்களை இன்னொரு பக்கம் பிரித்து, அடுத்த ஊரை முற்றுகையிடக் கூட்டிப் போனார்கள். இப்படி ஓட்டிச் செல்லப்பட்டவர்களுக்கு அந்தக் குறிப்புகளில் ஹஷர் என்று பெயர். அடுத்த ஊரான சமர்கண்டின் முன்னால் அவர்களைப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, பத்துப் பேருக்கு ஒரு கொடி கொடுத்தார்கள். மதிலின் மேல் நின்று பார்த்தவர்கள் கொடிகளை எண்ணி, இவ்வளவு பெரிய படையா என்று நடுங்கினார்கள். தங்களைப் போன்ற அடுத்த ஊர்க்காரர்களைத்தான் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு குஜந்த். ஆற்றின் நடுவே, அம்பு எட்டாத தூரத்தில் ஒரு கோட்டை. இருபதாயிரம் மங்கோலியரும் ஐம்பதாயிரம் கைதிகளும் கரையில் நின்றார்கள். மலையிலிருந்து கைதிகள் கல் சுமந்து நடந்தார்கள். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். கோட்டைக்குப் பாதை அமைக்க, குதிரைகளில் இருந்தவர்கள் அந்தக் கற்களை ஆற்றில் கொட்டினார்கள். எழுதியவர்கள் கோட்டைத் தலைவனின் வீரத்தைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள், கல் சுமந்தவர்களுக்கு மூன்று வரி.

அதே மங்கோலிய அரச குடும்பத்தார் பிறகு பாரசீகத்தை ஆண்டார்கள், இஸ்லாத்தைத் தழுவினார்கள், கோள்களைக் கவனிக்கக் கூடம் கட்டினார்கள், உள்ளூர் எழுத்தர்களை வைத்து வரி வாங்கினார்கள். குலசிங்கம் இவற்றையும் படித்தார். ஆனால் அந்த மூன்று வரியைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. ஐம்பதாயிரம் பேரில் ஒருவன் காலையில் எழுந்து என்ன நினைத்தான் என்று எந்த நூலிலும் இல்லை.

2011 தொடக்கத்தில் பிருந்தன் வந்தான். குலசிங்கத்தின் மனைவி ரதிதேவியின் கடைசித் தம்பி, இருபத்துநான்கு வயது. மாணவர் விசாவில் வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கினான். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் இருந்தவன். முகாமில் இருந்தவன். ரதிதேவி அவனிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்க முயன்றபோதெல்லாம் அழுதுவிடுவார். அழுகிற ஆளிடம் அவன் ஒன்றும் சொல்லமாட்டான். குலசிங்கம் அழவில்லை, இரக்கப்படவும் இல்லை. அவர் அளவு கேட்டார். அதனால்தானோ என்னவோ அவரிடம் மட்டும் கதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சமையல் பிருந்தனுடையது. குலசிங்கம் சமையலறை மேசையில் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்.

"ஒரு பங்கர் எவ்வளவு ஆழம்?"

"ஆள் உயரம் அத்தான். உங்கட உயரமில்லை, நல்ல ஆளின்ர உயரம்."

"எத்தினை பேர் சேர்ந்து வெட்டுவியள்?"

"ஒன்பது. சில நாள் எட்டு."

"மற்ற ஆள்?"

பிருந்தன் தாச்சியில் கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டான். "அதுதான் சொல்லுறன், சில நாள் எட்டு."

"காவலுக்கு?"

"ரெண்டு பேர். ஒருத்தன் என்னோட படிச்சவன். அவனையும் இயக்கக்காரர் வீட்டில வந்து பிடிச்சுத்தான் கொண்டு போனவங்கள். என்னைவிட ரெண்டு கிழமை முந்திப் பிடிபட்டவன். அதால அவனுக்குத் துவக்கு, எனக்கு மண்வெட்டி."

குலசிங்கம் எழுதினார். ரதிதேவி உள்ளே வந்து கொப்பியை மூடினார். அவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். வீட்டில் இருக்கும் ஒரே மதியம் அது.

"இஞ்சேருங்கோ, அவனைச் சாப்பிட விடுங்கோ. எண்ணூறு வரியம் பொறுத்த உங்கட மங்கோலியர், சோறு முடியும் மட்டும் பொறுக்க மாட்டினமோ?"

"இன்னும் ஒரு கேள்வி, ரதி. தம்பி, மெதுவா வெட்டினால் என்ன? எதிர்ப்புக் காட்டுற மாதிரி. ஒருத்தரும் அப்பிடிச் செய்யேல்லையோ?"

பிருந்தன் யோசித்தான். "முதல் நாள் நினைச்சதுதான். பிறகு பாத்தால், கெதியா வெட்டுறதுதான் சுகம். மெதுவா வெட்டினால் ஷெல் சத்தம் கேக்கும். கெதியா வெட்டினால் மண்வெட்டிச் சத்தம் மட்டும்தான்." கரண்டியைத் துடைத்து வைத்தான். "நான் மூலையெல்லாம் நேராப் பிடிச்சு வெட்டினனான் அத்தான். வடிவா இருந்தது. இப்ப நினைக்க வெட்கமா இருக்கு."

இந்தப் பதிலைத்தான் குலசிங்கம் குஜந்துக்குக் கொண்டுபோனார். 2012 தைப்பொங்கலுக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட மலரில் அவருடைய கட்டுரை வந்தது, 'குஜந்தில் கல் சுமந்தவர்கள்' என்ற தலைப்பில். அவருடைய எழுத்து அச்சில் வந்தது அதுவே முதல் தடவை. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்கள் தேவையற்றவை. மன்னர்களின் பெயர்களை ஒரு பரீட்சை விடைத்தாளைப் போல் அடுக்கியிருந்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு. கைதி ஒருவன் நல்ல கல்லாகத் தேடி எடுக்கிறான், ஏனென்றால் கல்லைத் தெரிவு செய்வது மட்டும்தான் அன்றைக்கு அவனுக்கு மிச்சமிருந்த தெரிவு, என்று எழுதியிருந்தார். அந்தப் பத்தி எழுதியவரை நான் மதிக்கிறேன்.

கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லியிருந்தார். எங்கள் மலர்களில் நன்றி இல்லாமல் எதுவும் வராது. ஓர் அரைப் பக்கக் கவிதைக்குக்கூட நான்கு பேருக்கு நன்றி இருக்கும், பெயர் விட்டுப்போனால் மனஸ்தாபம் வரும். குலசிங்கத்தின் வரி இது: 'இறுதிப் போரின்போது ஐந்து மாதங்கள் இயக்கத்துக்காகப் பதுங்குகுழி வெட்டிய அனுபவத்தைப் பகிர்ந்து, இக்கட்டுரைக்கு உயிர் தந்த என் மைத்துனர் பிருந்தனுக்கு நன்றி.' மெய்ப்புப் பார்த்தவன் நான். 'ஐந்து மாதம்' என்று இருந்ததை 'ஐந்து மாதங்கள்' என்று திருத்தினேன். வேறு எதுவும் எனக்குப் படவில்லை.

பிருந்தன் மலரைப் புரட்டிப் பார்த்துச் சிரித்ததாக ரதிதேவி சொன்னார். "உயிர் தந்தனானாம். பாத்தியளோ அக்கா, வேற ஒண்டும் குடுக்க இல்லாமல் போச்சு."

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அவன் அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்திருந்தான். வாக்குமூலத்தை எழுத உதவியது நண்பனுடைய நண்பன் ஒருவன். இயக்கம் என்ற சொல்லே வரக்கூடாது, வந்தால் பயங்கரவாதி என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். பிருந்தனும் அப்படியே எழுதினான்: இயக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, அந்த ஐந்து மாதங்களும் மாமி வீட்டில் மறைந்திருந்தேன். எழுதியபோது அது அவனுக்குப் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. பிடித்துக்கொண்டு போய் மண் வெட்டச் சொன்னதைத் தொடர்பு என்று எவன் சொல்வான்? குலசிங்கம் அந்த வாக்குமூலத்தைப் பார்க்கவில்லை.

வழக்கறிஞர் மார்கரெட் வழக்கை எடுத்தது அதற்குப் பிறகு. மலேசியாவிலிருந்து சின்ன வயதில் வந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். ஒனிஹங்காவில், துறைமுகப் பக்கத்துக் கடைகளுக்கு மேலே இரண்டு அறை அலுவலகம். குலசிங்கமும் ரதிதேவியும் பங்குனியில் அங்கே போனார்கள். பிருந்தனுக்கு அன்று வகுப்பு.

"அங்கிள், அவரு இங்க நம்ம ஆளுங்களோட நல்லா சேர்ந்து இருக்காருன்னு காட்டணும்," என்றார் மார்கரெட். "ஃபோட்டோ, லெட்டர், எது இருந்தாலும் கொடுங்க."

குலசிங்கம் பையிலிருந்து மலரை எடுத்தார். அதைத் தயாராகவே கொண்டுபோயிருந்தார். "பதினாலாம் பக்கத்தில அவன் பொங்கல் பரிமாறுற படம். நாப்பத்தோராம் பக்கத்தில என்ர கட்டுரை. அதிலயும் அவன்ர பேர் இருக்கு."

"என்னா எழுதியிருக்கீங்க?"

"மங்கோலியரைப் பற்றி."

மார்கரெட் சிரித்துவிட்டார். "மங்கோலியரா! சரி சரி. எனக்குப் பேசத்தான் வரும் அங்கிள், படிக்க வராது. ஸ்கூல்ல எல்லாம் மலாய், இங்கிலீஷ்தான். ரெண்டு எடத்துல பேர் இருக்குல்ல? நல்லதுதான், வெச்சிரலாம்."

ரதிதேவிக்கு அப்போது ஒரு நிமிடம் ஏதோ உறுத்தியதாம். கட்டுரையை அவர் முழுதாக வாசித்திருக்கவில்லை. கணவர் எழுதியதை வாசிக்கவில்லை என்று வெளியாள் முன் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டார்.

அகதி விண்ணப்பத்துக்கான நேர்முகம் வைகாசியில் நடந்தது. குலசிங்கம் லீவு எடுத்துக்கொண்டு நகரத்துக்கு அவனைக் காரில் கூட்டிப்போய், கீழே நான்கு மணி நேரம் காத்திருந்தார். பிருந்தன் இறங்கி வந்தபோது அவனுடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கார் மோட்டர்வேயில் ஏறியதும் சொன்னான்.

"அந்தப் புத்தகத்தை மேசையில எடுத்து வைச்சாங்கள், அத்தான்."

"எந்தப் புத்தகம்?"

"உங்கட. என்ர பேர் வாற ரெண்டு பக்கத்தையும் மொழிபெயர்க்கக் குடுத்திருக்கிறாங்கள். விசாரிச்ச பெண் முதல்ல நன்றி வரியை வாசிச்சா. பிறகு என்ர வாக்குமூலத்தை வாசிச்சா. தொடர்பு இல்லை, மாமி வீட்டில ஒளிச்சிருந்தனான் எண்டு."

"அப்பிடியோ எழுதிக் குடுத்தனீ?"

"ஓம்."

"எனக்கு நீ சொல்லேல்லையே."

"நீங்கள் அதைக் கேக்கேல்லை அத்தான். ஆழம்தானே கேட்டனீங்கள்."

குலசிங்கம் காரை இடப்பக்கத் தடத்துக்கு மாற்றினார். வேகம் எண்பதிலிருந்து அறுபதாக இறங்கியது. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

"நீ என்ன சொன்னனீ?"

"முதல்ல இல்லை எண்டன். அத்தான் கதை எழுதுறவர், கூட்டித்தான் எழுதுவார் எண்டன். அவ திருப்பித் திருப்பிக் கேக்க, ஓம் வெட்டினனான் எண்டிட்டன். அதையும் எழுதினா, இதையும் எழுதினா." பிறகு சொன்னான்: "மொழிபெயர்த்த ஆள் வெளியில வரேக்க என்னட்ட மெல்லச் சொன்னவர், நல்ல தமிழாம் உங்கட."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மாற்றி மாற்றிச் சொன்ன ஒருவரை மற்ற விஷயங்களிலும் நம்ப இயலாது என்பது காரணம். மார்கரெட் தீர்ப்பின் நகலை மேசையில் வைத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா, அங்கிள், இது அவருக்குச் சாதகம். கட்டாயப்படுத்தி வேலை வாங்கினாங்க, அதனால ஆர்மி சந்தேகப்படும், திரும்பிப் போனா ஆபத்து. நல்ல கேஸ் அது. மறைச்சதுதான் பிரச்சனை." பிறகு, "நானும் அந்தப் பக்கத்த யாரையாச்சும் படிக்கச் சொல்லியிருக்கணும்," என்றார்.

உண்மை அவனைக் காப்பாற்றியிருக்கும், பொய்யும் ஒருவேளை காப்பாற்றியிருக்கும். ஒரே கோப்பில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். யாரும் கெட்டது நினைக்கவில்லை. இதை ஆறுதலாகச் சொல்லவில்லை. கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அந்த வீட்டில் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

மேல்முறையீடு 2013 பங்குனியில் விசாரணைக்கு வந்தது. குலசிங்கம் சாட்சி. அதற்கு முதல் நாள் பின்னேரம் ரதிதேவி சமையலறையில் அவர் முன்னால் வந்து நின்றார்.

"போய்ச் சொல்லுங்கோ. கட்டுரைக்காகச் சோடிச்சு எழுதினது எண்டு."

"அவன் ஏற்கெனவே ஓம் எண்டிட்டான், ரதி. இனி நான் சோடிச்சன் எண்டால் ரெண்டு பேரும் பொய்யர்."

"இப்ப மட்டும் என்னவாம்? உங்களுக்கு உங்கட கட்டுரை பொய்யாகக் கூடாது. அதுதான் விஷயம்."

"அதில்லை."

"பின்னை?"

வாசலில் நின்ற பிருந்தன், "விடுங்கோ அக்கா, அத்தான் எழுதினதில ஒரு பிழையும் இல்லை. அளவெல்லாம் சரி," என்றான். அவன் கிண்டலாகச் சொன்னானா என்று இருவருக்கும் விளங்கவில்லை.

மன்றத்தில் அவரை விசாரித்தவர் பொறுமையான மனிதர். நரைத்த தலை, மெல்லிய குரல். கட்டுரையில் எழுதியது பிருந்தன் சொன்னதுதானா என்று கேட்டார். ஆம் என்றார் குலசிங்கம். பிருந்தன் அந்த வேலையை விருப்பத்தோடு செய்தாரா என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று மார்கரெட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். குலசிங்கம் இல்லை என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. சமர்கண்டின் மதிலைப் பற்றிச் சொன்னார். பத்துப் பேருக்கு ஒரு கொடியைப் பற்றிச் சொன்னார். கொடி பிடித்தவன் கையில் இருந்தது அவனுடைய கொடி அல்ல, ஆனால் மதிலிலிருந்து பார்த்தவனுக்கு அது தெரிய வழியில்லை, அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கீழே இறங்கி வர வேண்டும், என்றார். ஏழு நிமிடங்கள். அவருடைய ஆங்கிலம் நன்றாகவே இருந்தது. மார்கரெட் பேனாவை மூடி மூடித் திறந்தார். நரைத்த தலைக்காரர் கடைசி வரை கேட்டார்.

"திரு குலசிங்கம், 2009இல் நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

"இல்லை. இங்கே இருந்தேன்."

"நன்றி."

பன்னிரண்டாவது விரிவுரையை அவர் கடைசியில் நடத்திவிட்டார் என்று தனபாலன் பின்னர் என்னிடம் சொன்னார். தனபாலன் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார், ஆனால் இருவருமே சிரிக்கவில்லை.

ஆடியில் தீர்ப்பு வந்தது. தள்ளுபடி. இருபத்தெட்டாம் பத்தியில் குலசிங்கத்தைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் இருந்தன. இந்தச் சாட்சி நேர்மையானவர். எனினும் சம்பவங்களைப் பற்றி நேரடி அறிவு இல்லாதவர், அவர் கூறிய வரலாற்று ஒப்புமைகள் இந்த மன்றத்துக்கு உதவவில்லை. மலரில் வந்த அவருடைய கட்டுரைக்கு வேறு மதிப்புரை எதுவும் வரவில்லை.

வெளியேற்றும் உத்தரவு வரும் வரை காத்திருக்காமல் தானாகப் புறப்பட்டால், பின்னொரு நாள் திரும்பி வர வழி மூடாது என்று மார்கரெட் சொன்னார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள். பிற்பகல் விமானம், சிங்கப்பூர் வழியாகக் கொழும்பு. அந்த வாரங்களில் ரதிதேவி பெட்டியை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். தம்பிக்கு மூன்று ஸ்வெட்டர் வைத்தார். கொழும்பில் ஸ்வெட்டர் எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இறங்கியதும் விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், எத்தனை மணி நேரம் வைத்திருப்பார்கள் என்பதையும் யாரும் பேசவில்லை.

ஞாயிறு மதியங்களில் பிருந்தன் சமைத்தான். குலசிங்கம் மேசையில் உட்கார்ந்திருந்தார், கொப்பி இல்லாமல்.

"என்ன அத்தான், இப்ப ஒண்டும் கேக்கிறியள் இல்லை?"

"கேட்டது காணும். இனிப் போதும்."

"அப்ப நான் கேக்கிறன். அந்தக் குஜந்தில கடைசியா என்ன நடந்தது? கட்டுரையில அது இல்லையே."

"கோட்டைத் தலைவன் எழுபது படகில ஆக்களை ஏத்திக்கொண்டு ஆத்தோட தப்பிப் போயிட்டான்."

"கெட்டிக்காரன். கல்லுச் சுமந்த ஆக்கள்?"

"எழுதேல்லை."

"நீங்கள் எழுதேல்லையோ?"

"ஒருத்தரும் எழுதேல்லை."

பிருந்தன் அடுப்பை அணைத்தான். "சரி, சாப்பிடுவம்," என்றான்.

புறப்படும் வாரம் வியாழக்கிழமை குலசிங்கம் தனபாலனின் சின்ன அலுவலகத்துக்குள் போனார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கிய விடுமுறை.

"சனிக்கிழமை என்னைப் போடு. பிற்பகல் சிங்கப்பூர் ஃப்ளைட்டுக்கு. லொறியில."

தனபாலன் நிமிர்ந்து பார்த்தார். லொறி வேலை இளைஞர்களுடையது. சமையற்கூடத்திலிருந்து உணவு வண்டிகளை ஏற்றிப் போய், லொறியின் பெட்டியை விமானக் கதவு உயரத்துக்குத் தூக்கி, ஒவ்வொரு வண்டியாக உள்ளே உருட்டி அடுக்க வேண்டும். முதுகு பிடித்த பிறகு குலசிங்கம் அதைச் செய்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன.

"சிங்கம், அது ஒங்க மச்சான் போற ஃப்ளைட்டு."

"தெரியும்."

"தெரிஞ்சா வீட்டுக்காரம்மாவோட நில்லுங்க லா. அந்தப் புள்ளயப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க. தட்டு ஏத்த ஆளா இல்ல இங்க?"

"என்னைப் போடு, தனபாலன்."

"முதுகு?"

"பரவாயில்லை."

பதினைந்து வருடங்களில் குலசிங்கம் அவரிடம் கேட்ட முதல் சலுகை அது. தனபாலன் பட்டியலில் ஒரு பெயரை அடித்து இவர் பெயரை எழுதினார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிருந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது, குலசிங்கம் சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். எங்கே என்று ரதிதேவி கேட்டார். வேலை என்றார். இன்றைக்கா என்று அவர் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். குலசிங்கம் காரை எடுக்காமல் பஸ்சில் போனார். கார் அவர்களுக்குத் தேவைப்படும்.

விமான நிலையத்தில் பிருந்தன் உள்ளே போகும் கதவருகே இருபது நிமிடங்கள் நின்றான். நானும் அன்று அங்கே இருந்தேன். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "அத்தான் பார்க்கிங்கில நிக்கிறாரோ?" என்று கேட்டான். ரதிதேவி ஓம் என்றார். ஓம் என்றதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் எங்கள் எல்லாரையும் ஒரு முறை கட்டிப் பிடித்தான், அக்காவை இரண்டு முறை, பிறகு உள்ளே போனான்.

அதே நேரத்தில் விமானத்தின் மறுபக்கத்தில் லொறி நின்றது. உடன் போன இளைஞன் பிறகு தனபாலனிடம் சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். கிழவர் எல்லா வண்டிகளையும் தானே உருட்டி, மூலை பிசகாமல் நேராக அடுக்கினார். உதவி கேட்கவில்லை, உதவ விடவும் இல்லை. வேலை முடிந்ததும் பயணிகள் ஏறும் வரை உள்ளே நிற்க நேரமிருந்தது. பணிப்பெண்கூட, வேண்டுமானால் நில்லுங்கள் என்று சொன்னாள். தன் மைத்துனன் இந்த விமானத்தில் வருகிறான் என்று அவர்தான் அவளிடம் சொல்லியிருந்தார். அவர் நன்றி சொல்லிவிட்டு லொறிக்குள் திரும்பி வந்து, கதவை மூடச் சொன்னார்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து பிருந்தன் அழைத்தான். விசாரித்தார்கள், விட்டார்கள், மாமி வீட்டில் இருக்கிறேன் என்றான். அத்தான் அன்று எங்கே நின்றார் என்று மட்டும் மறுபடி கேட்டான். ரதிதேவி ரெலிபோனைக் கணவரிடம் நீட்டினார். குலசிங்கம் அதை வாங்கி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அன்றைக்கு விடுமுறையை விட்டுவிட்டு, அந்த விமானத்தைத் தன் கையால் நிரப்பி அனுப்ப அவர் ஏன் தீர்மானித்தார் என்று ரதிதேவி கேட்டிருக்கிறார், தனபாலன் கேட்டிருக்கிறார், ஒருமுறை நானும் கேட்டேன். அவர் சொல்லவில்லை.